காய் கழித்த மூன்று வருஷம்

மூன்று வருஷம் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மல்லசமுத்திரத்துக்கு வெளியே, திருச்செங்கோடு போகிற சாலையில் ஒரு கம்பெனியின் காய்கறிக் கொள்முதல் செட்டு இருந்தது, தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. அங்கே தரம் பார்க்கிற வேலை. சுற்றுவட்டாரத்து விவசாயிகள் காலை ஏழு மணியிலிருந்து காயைக் கொண்டுவந்து இறக்குவார்கள். நல்லதை எடுத்துக்கொண்டு மற்றதை நான் கழிக்க வேண்டும். எடுத்த காய் மத்தியானம் குளிர்சாதன லாரியில் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும். கொஞ்சம் விமானம் ஏறி வளைகுடா நாடுகளுக்குப் போகும். கழித்தது, கொண்டுவந்தவரின் வண்டியிலேயே திரும்பிப் போகும்.

வேதியியல் படித்துவிட்டு ஐந்து வருஷம் சும்மா இருந்தவள் நான். கணவர் போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே போனால் திரும்பி வர ஆறு மாதம் ஆகும். வீட்டிலிருந்து செட்டு ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். வேலை கிடைத்ததே பெரிதாக இருந்தது.

முதல் வாரம் பயிற்சி கொடுத்தார்கள். சுரைக்காய் ஒரு முழத்துக்கு மேல் போகக் கூடாது, கழுத்து வளையக் கூடாது, தோலில் தழும்பு கூடாது. கத்தரிக்காயில் காம்புக்குக் கீழே ஊசித் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தக்காளி ஒரு பிளாஸ்டிக் வளையத்துக்குள் நுழைந்து விழுந்துவிட்டால் அது சின்னது, வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியின் மேல்வரிசையை நம்பக் கூடாது. நல்லதை மேலே அடுக்கி, கோணலை அடியில் வைப்பார்கள், அடியில் கையை விட்டு எடு என்றார்கள். நானும் விட்டேன். ஒரு மாதத்தில், வண்டியை விட்டு இறங்குகிறவரின் முகத்தைப் பார்த்தே அடியில் என்ன இருக்கும் என்று சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செட்டுக்குப் பொறுப்பு ஒரு மேற்பார்வையாளர். ஆத்தூர் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். கத்திப் பேச மாட்டார். மறுநாளுக்கு எவ்வளவு காய் வேண்டும் என்று நகரத்திலிருந்து சாயங்காலம் அவர் போனுக்குத் தகவல் வரும். அதைப் பார்த்துவிட்டு, நான் கிளம்பும்போது ஏதாவது சொல்லுவார். சில நாள், "நாளைக்கு வழக்கம்போலப் பாரும்மா." சில நாள், "நாளைக்குச் சுரையைக் கொஞ்சம் டைட்டா பாரும்மா, சிட்டியில கம்ப்ளைண்ட்." கடைக்குப் போய்ச் சேர்ந்த காயில் குறை சொல்லியிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்வேன். மறுநாள் இன்னும் கூர்ந்து பார்ப்பேன். அரைக்கால் அங்குலக் கோணல்கூடக் கண்ணுக்குப் பட்டுவிடும்.

செட்டின் பின்பக்கம் ஒரு குழி இருந்தது. செட்டுக்குள்ளேயே வாடிப்போன காய், பொட்டலம் கட்டும்போது ஒடிந்தது எல்லாம் அதில் போகும். ஒரு நாள் வளைகுடாவுக்குப் போக வேண்டிய முருங்கைக்காய், அரபு எழுத்து அச்சிட்ட அட்டைப்பெட்டிகளில் கட்டித் தயாராக இருந்தது. விமானத்தில் இடம் இல்லை என்று போன் வந்தது. இரண்டு நாள் காத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் அத்தனை பெட்டியையும் பிரித்துக் குழியில் கொட்டச் சொன்னார். துளிகூட வாடாத காய். செட்டில் பொட்டலம் கட்டுகிற பெண்கள் ஆளுக்கு இரண்டு கட்டு எடுத்துக்கொள்ளலாமா என்று என்னைக் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன்.

"இன்னைக்குக் குடுத்தா, நாளைக்கு நல்ல காயையே ஒடிச்சுப் போட்டுட்டு வீட்டுக்கு எடுத்துனு போவீங்க," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கொட்டிய பிறகு, யாரும் இறங்கி எடுக்காதபடி மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவ ஆள் அனுப்பினார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் சொல்வது நியாயம்தான் என்று பட்டது. எல்லோரையும் சந்தேகப்படுவது எனக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

இரண்டாம் வருஷத்தின் கடைசியில்தான் அந்தச் சுரைக்காய்க்காரர் என்னைச் சோதித்தார்.

ஐம்பது வயதுக்காரர். செட்டுக்கு வடக்கே நான்கு கிலோமீட்டரில் பந்தல் போட்டுச் சுரையும் பீர்க்கனும் வைத்திருந்தார். மச்சானும் அவரும் சேர்ந்து குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வைத்திருந்தார்கள். அதிகம் பேச மாட்டார். கழித்த காயைத் திருப்பிக் கொடுத்தால் மற்றவர்கள் சத்தம் போடுவார்கள், கெஞ்சுவார்கள். இவர் ஒவ்வொரு காயாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வண்டியில் வைப்பார். அது எனக்குச் சத்தம் போடுவதைவிடச் சங்கடமாக இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய காயில் பாதிக்கு மேல் கழித்தேன். புதன்கிழமை மறுபடியும் வந்தார். அன்றைக்கு வழக்கம்போலப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். வண்டி நிறைய காயில் பத்துப் பதினைந்துதான் தள்ளினேன். எடுத்த காயைப் பெட்டியில் அடுக்கி நகர்த்தும்போது அவர் கூப்பிட்டார்.

"அம்மிணி, சித்த இங்க வாங்க."

போனேன். அடுக்கிய பெட்டியிலிருந்து ஒரு சுரைக்காயை எடுத்தார். காம்பை நகத்தால் கிள்ளி, உள்ளேயிருந்து விரல் கணு நீளத்துக்கு ஓர் ஈர்க்குச்சியை உருவி என் மேஜைமேல் வைத்தார். அடுத்த காயை எடுத்தார். அதிலும் ஒன்று. ஒன்பது குச்சிகள் மேஜைக்கு வந்தன.

"என்னங்ணா இது?"

"நேத்து நீங்க வேண்டாம்னு தள்ளுனதுல பத்துக் காயைத் தனியா எடுத்து, காம்புல ஈர்க்குச்சி சொருகி, ஈரச் சாக்குல சுத்தி வெச்சிருந்தனுங்க. இன்னிக்கு நீங்களே ஒம்பதை எடுத்துட்டீங்க." குரலை உயர்த்தவே இல்லை. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க அம்மிணி. நேத்து ஆகாத காயி இன்னிக்கு எப்படிங்க ஆச்சு?"

பின்னால் நின்றிருந்த இரண்டு வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. "நேத்து வெளிச்சம் பத்தலைங்க," என்று ஏதோ சொன்னேன். காலை எட்டரை மணிக்கு வெளிச்சம் பற்றவில்லை என்று சொன்னவளை அவர் ஒரு தரம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் லாரி கிளம்புகிறவரைக்கும் அந்த ஒன்பது காயையும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். இரண்டில் கழுத்து லேசாக வளைந்திருந்தது. மற்றதில் நேற்று என்ன குறை கண்டேன் என்று எனக்கே தெரியவில்லை. முதலில் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். பிறகு அவரைச் சந்தேகப்பட்டேன். நல்ல காயில் குச்சியைச் செருகி எடுத்துவந்து நாடகம் ஆடியிருப்பாரோ என்று. அந்த நினைப்பும் நிற்கவில்லை. டைட் என்று சொன்ன நாளில்தானே பாதிக்கு மேல் கழித்தேன்?

அதற்குப் பிறகு பல மாதம் மேற்பார்வையாளரைக் கவனித்தேன். சென்னையில் விடாத மழை என்று தொலைக்காட்சியில் சொன்ன அன்று சாயங்காலம் எல்லாக் காயும் டைட். கடைகளுக்கு வரிசையாக விடுமுறை வந்தபோது டைட். கல்யாண முகூர்த்தங்கள் நிறைந்த வாரத்தில் ஒரு நாள்கூட அந்தச் சொல் வரவில்லை. அந்த வாரம் என் கண்ணெதிரே கோணல் சுரைக்காய்கள் லாரி ஏறின. அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

ஒரு நாள் அவர் போனை மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தார். தகவல் வந்த ஒலி கேட்டது. எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, ஆனாலும் பார்த்தேன். நாளைக்குச் சுரைக்காய் பாதி போதும் என்று இருந்தது. கெட்டுப்போனது, குறை, புகார் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. ஐந்து நிமிஷம் கழித்து என்னிடம் வந்து, "நாளைக்குச் சுரை டைட்டும்மா, கம்ப்ளைண்ட்," என்றார்.

"சார், கம்ப்ளைண்ட் இல்லீங்களே. ஆர்டர்தானுங்களே கம்மி?"

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆர்டர் கம்மின்னு வெளியில சொல்ல முடியாதும்மா. தரமா இருந்தா எவ்ளோ கொண்டாந்தாலும் எடுத்துக்கறோம்னு கம்பெனி கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்குது. அப்ப ஆர்டர் கொறைஞ்சா என்னா பண்றது? தரம் பத்தலைன்னுதான் சொல்லணும்."

"அப்ப நான் இத்தன நாளா அவங்ககிட்டச் சொன்னதெல்லாம் பொய்யிங்களா சார்?"

"உனக்குத் தெரியாதா?" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "தெரிஞ்சுதான் செய்யறேன்னு இல்ல நெனச்சினு இருந்தேன்."

டைட் என்ற சொல் வந்த மறுநாள் காய் ஏன் கண்ணுக்கு மோசமாகத் தெரிகிறது என்று இரண்டு வருஷம் நான் யோசிக்காமல் இருந்தேனே, அது தெரியாமல் இருந்ததா, தெரிந்துகொள்ளாமல் இருந்ததா?

வீட்டுக்குப் போகிற வழியில் ஓர் ஓடைப் பாலம் உண்டு. கழித்த காயை ஊர்வரைக்கும் திருப்பிக் கொண்டுபோக மனசில்லாதவர்கள் அங்கே கொட்டிவிட்டுப் போவார்கள். ஒரு ஆட்டுக்காரம்மா தினமும் மந்தையை ஓட்டிவந்து அங்கே நிறுத்தியிருப்பார். அன்றைக்கு ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்தேன். தக்காளி அழுகி ஓடை நீர் சிவந்த நுரையாக நின்றது. அதன்மேல் அன்று காலை நான் தள்ளிய பீர்க்கங்காய்கள். சில காய்களின் நுனியில் பூ இன்னும் வாடாமல் ஒட்டியிருந்தது. நிறைய நேரம் நிற்க முடியவில்லை, நாற்றம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுரைக்காய்க்காரரின் தோட்டத்துக்குப் போனேன். அவர் மனைவி பந்தலுக்கடியில் கொடி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "ஏனுங்க, கம்பெனியில இருந்து ஆளு வந்திருக்குதுங்க!" என்று குரல் கொடுத்தார். அந்தக் குரலில் வரவேற்பு இல்லை. சுரைக்காய்க்காரர் மோட்டார் ரூமிலிருந்து வந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆர்டர் குறைகிற நாள் எனக்கு முந்தின சாயங்காலமே தெரிந்துவிடும், போனில் சொல்லிவிடுகிறேன், அன்றைக்குக் காய் அறுக்காதீர்கள் அல்லது சந்தைக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றேன்.

அவர் கேட்டுவிட்டு, "அறுக்காம உட்டா முத்திப் போகும். அதையும் முத்தலுன்னு நீங்கதானுங்க தள்ளுவீங்க," என்றார்.

"ஒரு நாள் உட்டா ஒண்ணும் ஆகாதுங்களேண்ணா."

"அதுக்கு நீங்க எதுக்குங்க வேகாத வெயில்ல இவ்வளவு தூரம் வரோணும்? உங்களுக்கு இதுல என்னங்க லாபம்?"

எனக்கு லாபம் எதுவும் இல்லை என்றேன். அதுதான் அவருக்கு நம்பிக்கை தரவில்லை என்று பிறகு புரிந்தது. லாபம் இல்லாமல் யார் வருவார்கள்? அவர் மனைவிதான் கடைசியில், "போன் நம்பரைக் குடுத்து அனுப்புங்க. கேட்டுத்தான் பாப்பமே," என்றார்.

முதல் தடவை போன் செய்தபோது அவர் நம்பவில்லை. வேறு யாருடைய காய்க்கோ இடம் ஒதுக்க அவரை நிறுத்தப் பார்க்கிறேன் என்று நினைத்திருக்கிறார். வண்டி நிறையக் காயோடு வந்து நின்றார். நான் பாதியைக் கழித்தேன்.

இரண்டாம் தடவை போன் செய்த மறுநாள் அவர் வண்டி காலியாக வந்தது. காயைத் திருச்செங்கோட்டுச் சந்தையில் இறக்கிவிட்டு, நான் சொன்னது நிஜமா என்று பார்க்க நேராகச் செட்டுக்கு வந்திருந்தார். வாசலில் ஓரமாக நின்று, மற்ற வண்டிகளிலிருந்து காய் திரும்பிப் போவதை அரை மணி நேரம் பார்த்தார். போகும்போது என் பக்கம் தலையை மட்டும் அசைத்தார். அந்த வாரம் முழுக்க எனக்கு நடையே லேசாக இருந்தது.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தேன். மச்சானிடம் சொல்லாமல் இருப்பாரா? மச்சான் பக்கத்துத் தோட்டத்துக்குச் சொன்னார். இரண்டு மாதத்தில், டைட் என்ற நாட்களில் ஆறேழு வண்டிகள் வராமல் போயின. ஒரு சாயங்காலம் ஓடைப் பாலத்தில் ஆட்டுக்காரம்மா என்னை மறித்து, "ஏஞ்சாமி, இப்பெல்லாம் ஆரும் காயே கொட்டறதில்ல? கம்பெனி மூடப்போறாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வேலையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த இரண்டு மாதம்தான்.

மேற்பார்வையாளரும் கண் இல்லாதவர் இல்லை. ஆர்டர் குறைகிற அன்றைக்கே வண்டியும் குறைகிறது என்பதை அவர் கவனித்திருக்கிறார். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல என்னிடம் வந்து, "நாளைக்குச் சுரை, பீர்க்கன் ரெண்டும் டைட்டும்மா," என்றார். வீட்டுக்குப் போனதும் சுரைக்காய்க்காரருக்குப் போன் செய்தேன். அவர் மற்றவர்களுக்குச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிவரை சுரைக்காய் வண்டி ஒன்றுகூட வரவில்லை. மேற்பார்வையாளர் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்.

"இன்னைக்கு ஆர்டர் வழக்கத்தைவிட ஜாஸ்தி. வாரத்துலயே பெரிய ஆர்டர்," என்றார். "டைட்டுன்னு நேத்து உங்கிட்ட மட்டுந்தாம்மா சொன்னேன்."

"நான்தானுங்க சார்," என்றேன்.

அவர் திட்டவில்லை. "நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சிருப்ப. நானும் பொழைக்கணும் இல்ல," என்றார். மத்தியானத்தோடு கிளம்பிவிடு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து யாருக்கோ பேசப் போனார். மத்தியானம் நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது, எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து அவசரமாக வரவழைத்த வண்டிகள் உள்ளே நுழைந்தன. யாரும் தரம் பார்க்கவில்லை. கோணல், தழும்பு, முத்தல், எல்லாம் அப்படியே லாரியில் ஏறிற்று.

அந்த வண்டிகளை நான் மட்டும் பார்க்கவில்லை. சாலையில் நின்ற மச்சான் பார்த்திருக்கிறார். நான் அன்று சாயங்காலம் தோட்டத்துக்குப் போனபோது சுரைக்காய்க்காரர் வேலிப் படலைத் திறக்காமல் அந்தப் பக்கமே நின்றார்.

"எருமப்பட்டிக்காரங்களுக்கு எடம் பண்ணிக் குடுக்கத்தானுங்களே எங்களை நிறுத்துனீங்க?"

"இல்லீங்ணா. என்னைப் புடிக்கறதுக்காக எங்க சூப்பர்வைசர் பொய்யாச் சொல்லியிருக்கறாருங்க. எனக்கு வேலையும் போச்சு."

"அவரு உங்களை ஏமாத்துனாருங்கறீங்க. அதுக்கு முன்னால ரெண்டு வருஷம் நீங்க எங்களை ஏமாத்துனீங்க. நீங்களே வந்து சொன்னதுதான். இதுல எதை நெசம்னு எடுத்துக்கறதுங்க நானு?"

அவர் மனைவி பின்னாலிருந்து, "நெசமாவே வேலை போயிருச்சுங்களா அம்மிணி?" என்றார்.

"போயிருச்சுங்கக்கா."

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். பந்தலில் அன்றைக்கு அறுக்காமல் விட்ட காய்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் கோணல் எது, நேர் எது என்று என் கண் தானாகத் தேடிற்று. எனக்கே என் கண்ணைப் பிடிக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

மறுபடி அந்தப் பக்கம் நான் போகவில்லை. நாமக்கல்லில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் சாமான் இருப்பு பார்க்கிற வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அங்கே காய் வாங்கும்போது கோணல், நேர் எதுவும் பார்ப்பதில்லை. கொட்டுகிற சோற்றைப் பார்த்தால்தான் பொறுக்க முடியவில்லை. அது வேறு கதை.

போன தை மாதம் நாமக்கல் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தலை நன்றாக நரைத்திருந்தது. நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவரே வந்து பேசினார். பந்தலைப் பிரித்துவிட்டு மரவள்ளிக்கிழங்கு போட்டிருக்கிறாராம். கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது.

"கெழங்குக்குக் கோணலு கெடையாதுங்களே, பரவால்லீங்களா?" என்று கேட்டேன்.

"அங்க மாவு எவ்வளவு இருக்குதுன்னு மெசின்ல பாயிண்ட் பாக்கறாங்க அம்மிணி. மெசின்லயும் கை வெப்பாங்களாட்டத்தான் இருக்குது," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்கு முன் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அவருடைய பஸ் வந்து நின்றது. ஏறப்போனவர் திரும்பினார்.

"அன்னிக்கு ஆர்டர் அதிகம்னு நெசமாவே உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாதுங்ணா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "செரி," என்றார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்க," என்று குரல் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் சொல்லுகிற வார்த்தைதான் அது. அவர் மனசோடு கூப்பிட்டாரா, பேச்சுக்குச் சொன்னாரா என்று பஸ் திரும்பி மறைகிறவரைக்கும் யோசித்துக்கொண்டே நின்றேன்.